மட்டையில் பட்ட மாங்காய்

பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சிறுமிகள் சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். மட்டையில் பந்து ‘டொக்’கென்று பட்ட சத்தம் கேட்டதுமே என் வாயில் எச்சில் ஊறியது.

அறுபதுகளில், தென்காசியில் எங்கள் பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு பந்துதான். போட்டி நாள் வரைக்கும் அதை டிரில் டீச்சர் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். பயிற்சிக்கு, சாரல் காற்றில் பள்ளித் தோப்பில் உதிரும் மாங்காய்களைத்தான் வீசுவார்.

“கண்ண மூடாதட்டி! காயப் பாத்து அடி!”

மட்டையில் பட்டால் காய் பிளந்து புளிப்பு முகத்தில் தெறிக்கும். முதலில் ஓடி எடுப்பவளுக்கே அந்தக் காய். உப்பும் மிளகாய்ப்பொடியும் எங்கள் பாவாடை மடியில் எப்போதும் தயார்!

சுரண்டைப் பெண்களோடு போட்டி வந்தது. இன்னும் ஒரு ஓட்டம் எடுத்தால் எங்களுக்கு வெற்றி. மூன்றாம் மூலையில் என் சிநேகிதி கோமு நிற்கிறாள். அவள் நான் மட்டையோடு நிற்கும் மூலைக்கு ஓடி வந்து சேர்ந்துவிட்டால் போதும். வந்த பந்தை ஓங்கி அடித்தேன். அப்படி ஓர் அடியை அதற்கு முன்னும் பின்னும் நான் அடித்ததில்லை! பந்து வேலியோரம் போய் விழுந்தது. நான் பந்தை நோக்கியே பாய்ந்தேன். பார்த்தால், கோமு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள்!

“ஏட்டி, எங்கட்டி ஓடுதிய? அது மாங்கா இல்லட்டி, பந்து!” என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

கோமுதான் முதலில் எடுத்தாள். நாங்கள் தோற்றோம்.

இன்று பந்து உருண்டு என் காலடிக்கே வந்தது. “பாட்டி, தூக்கிப் போடுங்க!” என்று சிறுமிகள் கத்தினார்கள். எடுத்தேன். ஆனால் உடனே கொடுக்கவில்லை. இந்த முறை முதலில் எடுத்தது நானல்லவா!