கரைக்குக் கீழே லைன் வீடு

ஆனைமலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போனால் ஒரு ரிசார்ட் வரும். அதற்குள் ஓர் ஏரி. ஏரி என்று போர்டில்தான் எழுதியிருக்கும். மழைக்கு மட்டும் ஓடுகிற ஒரு பள்ளத்தை மண்கரை போட்டு மறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சனி ஞாயிறானால் கோயமுத்தூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வாத்துப் படகில் ஏறிப் பெடல் மிதிப்பார்கள். கரையின் அந்தப் பக்கம் படகு. இந்தப் பக்கம், கரையின் அடியில், லைன் வீடுகள். தோப்பு வேலைக்கு வந்தவர்களுக்காக முதலாளியின் அப்பா கட்டிவிட்ட ஓட்டு வீடுகள் அவை. நான் பிறந்தது அதில் ஒன்றில். வாசலில் நின்று பல் விளக்கும்போது தலைக்கு மேலே படகில் பிள்ளைகள் கத்துவது கேட்கும்.

எங்கள் லைனில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்ததும், ரிசார்ட்டில் காட்டேஜ் கூட்டிப் பெருக்கும் அம்மா முதலாளியிடம் கேட்டு எனக்கும் அங்கேயே வேலை வாங்கினாள். முதலாளிக்கும் பெருமைதான். விருந்தாளிகள் இருந்தால் என் தோளில் கை போட்டு, "நம்ம தோட்டத்துப் பையனுங்க. இன்ஜினியருங்க. நம்மகிட்டத்தான் இருக்கறாரு" என்பார். எனக்கு எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவார். அதே மூச்சில் திரும்பி என் அம்மாவை, "ஏ புள்ள, அந்தப் பக்கம் போய்க் கூட்டு" என்பார்.

அந்தக் கரை எழும்பியபோது நான் பள்ளிக்கூடப் பையன். முன்பு அங்கே தாழ்வான ஒரு பழைய கரையும் அதன்மேல் வரிசையாகத் தென்னையும் இருந்தன. ரிசார்ட் வந்தபோது மரங்களை வெட்டிவிட்டு, அடிக்கட்டையைப் பிடுங்காமல் அப்படியே மேலே மண்ணைக் கொட்டினார்கள். ஜேசிபி ஓடுவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவர்களில் நானும் ஒருவன். உள்ளே கிடக்கும் தென்னை வேர் மக்கிப்போனால் கரைக்குள் குழாய் பதித்த மாதிரி என்பது கல்லூரியில் மண் பாடம் நடத்தியபோதுதான் உறைத்தது. அன்றைக்கு வகுப்பில் எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வீட்டுப் பின்புறம் கரையடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கோடையிலும் நிற்கவில்லை. லைன் பெண்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கன்னிமார் வந்து இறங்கிவிட்டார்களாம். எங்கள் பக்கம் தண்ணீர் இருக்கிற இடத்தில் ஏழு கல்லை நட்டு மஞ்சள் பூசினால் அது கன்னிமார் கோயில். அந்த ஏழு கல்லையும் பொறுக்கி வந்து நட்டவள் என் அம்மா. முதலாளிக்குக் கொள்ளைச் சந்தோஷம். சுற்றிலும் டைல்ஸ் ஒட்டி மேடை கட்டிக்கொடுத்தார். படகில் போய் வந்தவர்கள் இறங்கி வந்து அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். கசிவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரையின் உள்மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். ஆடி நோம்பிக்குக் கூட்டம் வரும், படகு தரை தட்டக்கூடாது என்று, உபரித் தண்ணீர் வழிந்து போகிற கலிங்கில் முதலாளி பலகை வைத்து அடைத்தார். வளர்க்கிற மீன் தப்பிப் போகாமல் இருக்க அதன்மேல் ஒரு வலையும் கட்டினார். ஏரி ஏறியது. அடுத்த வாரமே கன்னிமார் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது.

கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தேன். காலையில் அடியில் மண் படிந்து கிடந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் விருந்தாளிகளோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பலகையை எடுத்துப்போட்டு ஏரியை இறக்கோணுமுங்க. கரைக்குள்ள இருந்து மண்ணு கரைஞ்சு போகுதுங்க."

அவர் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு ஆட்டு ஆட்டினார். படிந்திருந்ததெல்லாம் கலங்கியது.

"ஏ புள்ள, இங்க வா. கன்னிமார் தண்ணியச் சேறுங்கறான் உம்மவன். நெசமா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினாள். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். வெறும் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, "சின்னப் பையனுங்க, தெரியாம பேசிப்போட்டான். மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

விருந்தாளிப் பெண் ஒருத்தி கை தட்டினாள்.

லைனில் அன்றைக்கு நான்தான் பேச்சு. படகுத்துறையில் வேலை பார்க்கும் என் மாமா, அம்மாவின் தம்பி, வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"ஏனுங்க இன்ஜினியர் மாப்ள, எங்கூட்டுக் கூரையும் ஒழுகுது. டம்ளர்ல புடிச்சுட்டுப் போயி முதலாளிகிட்டக் காட்டறீங்களா?"

"கரை போச்சுன்னா உங்க கூரையே இருக்காதுங்க மாமா."

"போகட்டும் போ. கன்னிமார் கொண்டு போனா மோட்சம். நீ படிச்சதுக்கு அதுவாச்சும் கெடைக்கட்டும்."

நான் விடவில்லை. பிறகு முதலாளி தனியாகக் கரைமேல் நடந்துகொண்டிருந்தபோது போய்ப் பிடித்தேன். படித்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சின்ன அணையா பெரிய அணையா என்பது முக்கியமில்லை, உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஆபத்தைக் கணக்குப் போடுவார்கள் என்றேன். இங்கே கரைக்கு அடியிலேயே வீடு, தண்ணீர் வந்தால் எழுந்து ஓடக்கூட நேரமிருக்காது, ஒருத்தர்கூட மிஞ்சமாட்டார்கள், நாளைக்கு உங்கள் பெயர்தான் கெடும் என்றேன். அவர் முதல்முறையாக நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப, கீழ ஊடு இல்லீன்னா?"

"இல்லீன்னா இவ்வளவு ஆபத்து இல்லீங்க. தண்ணி பள்ளத்துலயே ஓடிரும்."

பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவன் மாதிரி பட்டென்று சொன்னேன்.

"நல்லாப் படிச்சிருக்கீங்க தம்பி," என்று என் தோளைத் தட்டினார். "பண்ணிரலாமுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், முதலாளி ஒத்துக்கொண்டார் என்று சொன்னேன். அவள் எனக்குச் சோறு போட்டாள். டம்ளர் விஷயத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு முகம் கொடுத்துப் பேசினாள்.

ஜேசிபி வந்த காலையில் நான்தான் கேட்டில் நின்று வழி காட்டினேன். கலிங்கின் வாயை அகலப்படுத்தத்தான் வருகிறது என்று நினைத்தேன். கையை ஆட்டிக் கரைப் பக்கம் திரும்பச் சொன்னேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"மேல இல்லீங்க சார். கீழன்னு சொன்னாங்க. லைன் ஊடு எதுங்க?"

முதலாளி முன்னதாகவே அங்கே நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. "உங்க உசுருக்காகத்தாங்க இத்தனையும். நாஞ் சொல்லலீங்க. உங்க பையன்தான், படிச்சவரு, கணக்குப் போட்டுச் சொன்னாரு. உடைஞ்சா ஒருத்தரும் மிஞ்சமாட்டாங்கன்னு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க." அன்றைக்கு மட்டும் லைன்காரர்களுக்கும் 'ங்க' போட்டார்.

இடம் அவருடையது. எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "தண்ணிய இறக்கத்தானுங்க சொன்னேன்" என்றேன். ஜேசிபி சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. மாமா தன் வீட்டுக் கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். "மாப்ள, கன்னிமாரு கொண்டு போவாங்கன்னு இருந்தேன். நீ முந்திக்கிட்ட" என்றார். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கன்னிமார் மேடையை மட்டும் இடிக்கவில்லை. விருந்தாளிகள் கேட்பார்களாம்.

மாமா குடும்பம் காரமடைப் பக்கம் மருமகன் வீட்டுக்குப் போனது. அங்கே அவருக்கு வேலை இல்லை. மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். அம்மாவும் நானும் பொள்ளாச்சியில் ஒற்றை அறையில் குடியேறினோம். அவள் டவுன் பஸ்ஸில் வந்து அதே காட்டேஜைக் கூட்டினாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"எதுக்கு? இரு. எல்லாரு ஊட்டையும் இடிக்க வெச்சயல்ல. அந்தக் கரை உடையறதையாவது இருந்து பாத்துட்டு வா," என்றாள்.

அதனால் இருந்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக் கூட்டம் முடியட்டும் என்று முதலாளி கலிங்குப் பலகையை எடுக்கவில்லை. அடை மழை பெய்த ஒரு மதியம் விருந்தாளிகள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் மட்டும் குடையோடு கரைமேல் நின்றேன். தென்னமட்டை, இலை, பிளாஸ்டிக் எல்லாம் அடித்துக்கொண்டு வந்து கலிங்கு வலையில் அப்பி, சுவர் வைத்த மாதிரி அடைத்திருந்தது. தண்ணீருக்கும் கரை உச்சிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கீழே டைல்ஸ் மேடையைச் சுற்றிச் செம்மண் தண்ணீர் கொப்பளித்தது. லைன் இருந்த இடத்தில் ஒரு மனிதர் இல்லை. ஆடுமாடுகூட இல்லை.

உடையட்டும் என்று நினைத்தேன். மனசார நினைத்தேன். உடைந்தால் யாரும் சாகமாட்டார்கள். ஏரி போகும், வாத்துப் படகு போகும், நான் சொன்னது மட்டும் நிற்கும். மாமா வாயை மூடுவார். அம்மா என்னைப் பார்ப்பாள். வலையில் மட்டைமேல் மட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குடை எப்போது கையைவிட்டுப் போனதென்று தெரியவில்லை.

பிறகு படகுத்துறையில் தொங்கிய அரிவாளை எடுத்துக்கொண்டு கலிங்கில் இறங்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. படித்தது கை கால்களுக்குள் போய்விட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். வலையை அறுத்தேன். மட்டைகளை இழுத்துப் போட்டேன். பலகையை அரிவாள் பிடியால் அடித்து அடித்துத் தள்ளினேன். அது போனதும் தண்ணீர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பக்கச் சுவரில் சாத்தியது. முதலாளியின் மீன்களெல்லாம் என்மேல் மோதிக்கொண்டு பள்ளத்தில் போயின. ஏரி விரல் விரலாக இறங்கியது.

கரைமேல் படுத்துக் கிடந்தபோது பிளாஸ்டிக் கவருக்குள் கட்டி வைத்திருந்த போன் அடித்தது. மாமா. அங்கேயும் மழை போல, இரைச்சலாக இருந்தது.

"என்ன மாப்ள, உடைஞ்சுதா?"

"இல்லீங்க மாமா."

"அட, இந்த மழைக்குமா?" கொஞ்ச நேரம் சிரித்தார். "கல்லாட்டக் கட்டியிருக்கான்டா." வைத்துவிட்டார்.

நான் எழுந்து உட்கார்வதற்குள் மறுபடி அடித்தது. அம்மா.

"உடைஞ்சுதா கண்ணு?"

வலையைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் நம்புவாளா என்று தெரியவில்லை. நம்பினால் அது இன்னும் மோசம்.

"இல்லீங்மா."



"அப்ப நம்மூடு அங்கயே இருந்திருக்கும்," என்றாள்.