நான் வாசித்த நாலு வரி

நஸ்ரின் கிடர்பூரிலிருந்து வருகிறவள். அவள் அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதுதான் வகுப்புக்குள் நுழைவாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் கப்பலாக வரைந்து வைத்திருப்பாள். அவள் வரைந்தால் கப்பலின் துருகூடத் தெரியும். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

என் அப்பாவுக்குக் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸுக்கு மாற்றலானதால், ஏழாம் வகுப்பின் நடுவில் வந்து சேர்ந்தவள் நான், மாதங்கி. பெங்காலி ஒரு எழுத்து தெரியாது. நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தவள் நஸ்ரின் ஒருத்திதான். ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம். என் தயிர்சாதத்தைத் திட்டித் திட்டியே பாதி டப்பாவைக் காலி செய்வாள்.

ஜனவரியில் பள்ளியில் சரஸ்வதி பூஜை. ஆளுக்கொரு புத்தகத்தைச் சிலையின் காலடியில் வைத்தோம். எங்கள் வீட்டில் நவராத்திரியில் செய்வதுதானே என்று நினைத்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் புத்தகத்தை எடுத்து நாலு வரி வாசித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அம்மா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். துணைக்கு வாயேன் என்று கெஞ்சி நஸ்ரினையும் சீக்கிரம் வரவழைத்தேன். அவள் என் பையைப் பிடித்துக்கொண்டு பூஜை நடந்த ஹாலின் வாசலில் நின்றாள். நான் கணக்குப் புத்தகத்தை உருவினேன், அடுக்கு சரிந்து பூவெல்லாம் தரையில் கொட்டியது. அப்படியும் நாலு வரி வாசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

இங்கே மறுநாள் பூஜை முடிகிறவரை யாரும் புத்தகத்தைத் தொடக்கூடாதாம். அதை எந்த மகராசன் என்னிடம் சொன்னான்?

எங்கள் வகுப்பு மிஸ் வந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை. நேராக நஸ்ரினிடம், "உன்னை யாரு இங்க வரச் சொன்னா? எதுக்கு இதையெல்லாம் தொட்டே?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிகளுக்கிடையே ஓவியப் போட்டி. மூன்று மாதமாக நஸ்ரின் அதற்குத்தான் வரைந்துகொண்டிருந்தாள். போட்டிக்குப் போகிறவர்கள் பட்டியல் மிஸ் கையிலேயே இருந்தது, அதில் அவள் பெயரை அங்கேயே அடித்தார்.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் கீழே கிடந்த பூவைப் பார்த்தேன். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "நீ படிச்சது தப்பே இல்லடி. ஆனா நமக்கெதுக்கு ஊர் வம்பு? வந்து ஆறு மாசம்கூட ஆகல. பேசாம இரு" என்றாள். பேசாமல் இருந்தேன். ரசம்சாதம் சாப்பிட்டேன், உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் வகுப்பில் என்னையறியாமல் எழுந்து நின்றேன். "மிஸ், புத்தகத்தை எடுத்தது நான்தான். எங்க வீட்ல மறுநாள் எடுத்துப் படிக்கணும். நஸ்ரின் உள்ளயே வரல."

மிஸ் சிரித்தார். "ஓ, உங்க ஊர் வழக்கமா? பரவாயில்ல, உட்காரு."

அவ்வளவுதான். நான் செய்தால் வழக்கம், அவள் செய்யாமலே குற்றம். என்ன நியாயமோ!

"அப்ப அவ பேரைத் திரும்ப எழுதுங்க மிஸ்."

"லிஸ்ட் நேத்து சாயங்காலமே போயாச்சு. உட்காருன்னு சொன்னேன்ல?"

நான் உட்காரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். கால் வலிக்கக்கூட இல்லை.

மத்தியானம் தயிர்சாத டப்பாவை நஸ்ரின் பக்கம் தள்ளினேன். ஒரு வாய் தின்றாள். திட்டவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமே, மாதங்கி" என்றாள். டப்பாவை மூடி என் பக்கம் நகர்த்தினாள்.