தானாக ஓடி வெளியே வரவேண்டிய கார்

காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டுப் பிரார்த்தனை செய்வது என் வழக்கம். நான் முடித்து ஜன்னலைச் சாத்திய பிறகுதான் பக்கத்து வீட்டு முற்றத்தில் சுத்தியல் சத்தம் ஆரம்பிக்கும். தற்செயல் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது, அந்த வீட்டு அண்ணன் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று ஒரு டயர்மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது அவர் தொழில். தெருவில் அவருக்கு வைத்த பெயர் அரைகுறை. படிப்பைப் பாதியில் விட்டார். பட்டறை வைத்து அதையும் மூடினார். கட்டிய மனைவியும் விட்டுப் போய்விட்டார். அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்புவார். என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்: "இந்தக் காரை முடிச்சுட்டா போதும்மா. அப்புறம் யாரு எப்படிக் கூப்பிட்டாலும் வலிக்காது."

அது அமெரிக்காவில் செய்த பழங்காலத்துக் கார். ஒரு பெரிய வீட்டு மரத்தடியில் கோழி அடைந்து கிடந்ததை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். படகு மாதிரி நீளம், பின்னால் மீன் வால் மாதிரி இரண்டு தகடு. பின் சீட்டைத் தூக்கினால் அடியில் முட்டை! "கார் வாங்கினா ஆம்லெட் இலவசமாடா?" என்று கேட்டார் அவருடைய அக்கா. அண்ணன் அந்த அக்கா வீட்டில்தான் இருந்தார். சீட் உறை தைத்துக் கொடுத்தது நான். தடித்த ரெக்சின் ஏறாமல் என் மிஷினில் ஊசி ஊசியாக உடைந்தது.

வருஷக்கணக்காக அண்ணன் அந்தக் காரோடு முற்றத்திலேயே கிடந்தார். அப்புறம் அக்காவின் மருமகனுக்கு வேலை போயிற்று. மகள் பிள்ளைகளோடு வந்து தங்குவதாக ஆயிற்று. கார் நின்ற இடத்தில் ஓர் அறை கட்டியாக வேண்டும்.

"வெள்ளிக்கிழமை பழைய இரும்பு லாரி வருது," என்றார் அக்கா. "அதுக்குள்ள இது தானா ஓடி கேட்டைத் தாண்டிடுச்சுன்னா, தெருவுல எங்க வேணா நிறுத்திக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன். தள்ளிக்கிட்டுப் போறதெல்லாம் செல்லாது."

"தாண்டும்க்கா."

"நீ எதைத்தான் தாண்டியிருக்கே?"

அக்காவும் பாவம், என்ன செய்வார்? பேரப் பிள்ளைகளைத் தெருவிலா படுக்க வைப்பார்?

அண்ணன் சோறு தண்ணி மறந்தார். இஞ்சின் முடிந்துவிட்டது, அதற்குத் தண்ணீர் ஓட்டும் பம்பை மாட்டுவதுதான் பாக்கி. வியாழக்கிழமை, அதைப் பூட்டும்போது ஒரு போல்ட்டின் தலை முறிந்தது. அந்தக் காருக்கு எல்லாமே இஞ்சு அளவு. நம் கடைகளில் கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர் அளவு. பார்வைக்கு இரண்டும் ஒரே தடிமன், மரை மட்டும் வேறு. தெரியாமல் மாற்றி மாட்டிவிடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவரே அவர்தான். கடை கடையாக அலைந்து வெறுங்கையோடு வந்தவர், கடைசியில் மில்லி போல்ட்டையே எடுத்தார். இரண்டு சுற்று சுலபமாக இறங்கிற்று. அப்புறம் இறுகியது. ஸ்பேனரில் குழாயைச் செருகி, உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்தினார். படக்கென்று ஒரு சத்தம். என் வீட்டுக்கே கேட்டது. போல்ட் உட்காரும் இடத்தில் இஞ்சின் இரும்பே பெயர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது.

அந்தத் துண்டைப் பெயர்ந்த இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு பசை போட்டு ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்து நின்றபோது தெருவே கூடியிருந்தது. அண்ணன் சாவியைத் திருப்பினார். பத்துப் பதினைந்து தடவை இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய சத்தம்! அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் கிளட்ச் துருப்பிடித்து ஒட்டியிருந்தது, கியர் விழவில்லை. அவர் மிதித்து மிதித்துப் பார்க்கப் பார்க்க, பசை விட்டுத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

"அணைச்சுடுங்கண்ணே, சூடேறுது!" என்றேன்.

"அணைச்சா திரும்பப் பிடிக்காதும்மா!"

கடவுளே, இந்தப் பத்தடியை மட்டும் கடத்திவிடு என்று கண்ணை மூடினேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கடமுடவென்று கியர் விழுந்தது. கார் துள்ளிப் புறப்பட்டது. ஒரே ஆவி, எரிந்த வாடை. கண்ணைத் திறந்தபோது இஞ்சின் கிறீச்சிட்டு இறுகிப்போய், கார் கேட்டுக்கு நடுவில் நின்றிருந்தது. முன் சக்கரம் இரண்டும் தெருவில். பின் சக்கரம் முற்றத்தில்.

"தாண்டிடுச்சு!" என்று கத்தினார் எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர். "மூஞ்சி வெளிய வந்துட்டா ஆளே வந்த மாதிரிதானே!"

"முதுகு உள்ள இருக்குய்யா," என்றார் லாரிக்காரர்.

"உங்கிட்ட எவன் கேட்டான்? இரும்பு பொறுக்க வந்தா பொறுக்கிட்டுப் போ!"

தெரு முழுக்க அண்ணன் பக்கம் நின்று சண்டை போட்டது. அரைகுறை என்று கூப்பிட்ட அதே வாய்கள்தான். அக்கா கலங்கிப் போய் தம்பியின் முகத்தைப் பார்த்தார். "நீயே சொல்லுடா. நீ தாண்டிடுச்சுன்னு சொன்னா, நான் சரின்னுடறேன்."

அண்ணன் இறங்கி, காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அது நின்ற இடத்தைத் தொட்டார்.

"தாண்டலக்கா," என்றார்.

சங்கிலி போட்டு இழுத்து லாரியில் ஏற்றினார்கள். மதிலில் உரசி அந்த மீன் வால் தகடு ஒன்று மடங்கிற்று. இறக்கும்போது கூட இருக்கிறேன் என்று சொல்லி அவரும் லாரியில் ஏறினார். "சாப்பிட வந்துடுடா" என்றார் அக்கா. தலையாட்டினார். வரவில்லை. எங்கேயோ ஒரு பம்பு கம்பெனியில் வேலையாக இருப்பதாக ரொம்ப நாள் கழித்துத் தகவல் வந்தது. இன்றுவரை அவருக்காகவும் ஒரு வரி வேண்டிக்கொள்கிறேன்.

அன்று லாரி கிளம்பும்போது நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் லாரி ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"முத்தத்துல எண்ணெய் கொட்டிக் கிடக்கும்மா. அக்கா தண்ணி ஊத்திக் கழுவிடப் போறா. மரத்தூள் போட்டு ரெண்டு நாள் விடச் சொல்லுங்க. பிள்ளைங்க ஓடியாடுற இடம், வழுக்கிடும்."