மோதிர விரலில் பாதி

காப்பியிங் பென்சிலின் முனையை ஈரப்படுத்தி எழுதினால் ஊதா நிறத்தில் விழும். அப்படி ஓர் ஊதாக் கோடு, ஒரு மனிதருடைய இடக்கை மோதிர விரலை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொண்டு, உள்ளங்கையைக் கடந்து, மணிக்கட்டில் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு ஒரு பக்கம் குண்டூசி பட்டால் வலித்தது. மறுபக்கம், சுண்டுவிரல் முழுவதும், வலிக்கவில்லை. ஒரே விரலில் பாதிதான் அவருடையது, மீதி யாருடையதோ என்பதுபோல இருந்தது. அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஓடியவன் நான். டிக்கெட் இல்லாமல் ரயிலேறி, இறக்கிவிட்ட ஊரில் கிடைத்த வேலையைச் செய்து, காசி வரை போய்த் திரும்பியவன். பசித்தால் சத்திரம், சத்திரம் இல்லாவிட்டால் தண்ணீர். முப்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் திருச்சிராப்பள்ளி வந்து சேர்ந்தபோது பாலக்கரையில் கல் பட்டை தீட்டும் ஒரு பட்டறையில் ஆள் எடுத்தார்கள். சீமையில் உலையில் செய்த செயற்கைக் கல் கப்பலில் வரும். அதை வைரம்போல் மின்னச் செய்வது எங்கள் வேலை. எனக்குத் தீட்டத் தெரியாது. அரக்கை உருக்குவது, கல்லைக் கழுவுவது, பொறுக்கிப் பிரிப்பது என்று கிடந்தேன். ஊர் சுற்றியவன் என்பதால் என்னைத் தேசாந்திரி என்றார்கள்.

பாய் அந்தப் பட்டறையின் முதல் கை. ஒரு குச்சியின் நுனியில் அரக்கைச் சூடாக்கி, அதில் கல்லைப் பதித்து, விரலால் அழுத்தி நிறுத்துவார். பிறகு வலக்கையால் சாணைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இடக்கையால் குச்சியைப் பிடித்துக் கல்லை அதில் வைப்பார். இடது முழங்கை பலகையில் ஊன்றியிருக்கும். அது மயிரளவு அசைந்தாலும் பட்டை கோணலாகிவிடும். ஆகவே அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வேலை கேட்டு வருகிறவனிடம் கல்லைக் கொடுத்துப் பார்க்கமாட்டார்கள். சட்டைக் கையை மேலே தூக்கச் சொல்லி முழங்கையைத் தடவிப் பார்ப்பார்கள். காய்ப்பு ஏறியிருந்தால் உட்காரச் சொல்வார்கள். பாயின் முழங்கைக் காய்ப்பு புளியங்கொட்டை போலப் பளபளக்கும். அது போதாதென்று அவர் தன் பலகையில் உளியால் ஒரு குழி செதுக்கி வைத்திருந்தார். முழங்கை அதில் இறங்கினால் உச்சிப்பொழுது தொழுகை வரைக்கும் வெளியே வராது. அந்தக் குழியைப் பார்க்க மற்ற பட்டறைகளிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

ஒரு நாள் பகலில் தோல் கருகும் நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பாய் யாரோடோ பேசிக்கொண்டே அரக்கை அழுத்திக்கொண்டிருக்கிறார். இடது சுண்டுவிரல் விளக்குச் சுடரில் இருக்கிறது. நான் கையைத் தட்டிவிட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"பாத்தியா தேசாந்திரி, சூடு நம்மகிட்ட தோத்துப்போச்சு" என்று சிரித்தார். பட்டறையும் சிரித்தது. அதைத் தொழில் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுண்டுவிரலும் பக்கத்து மோதிர விரலும் கொஞ்ச நாளாக உள்ளே வளைந்து நிற்பதையும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை பள்ளமாகிவிட்டதையும் அப்போதுதான் கவனித்தேன். காசிப் படித்துறையிலும் ராமேஸ்வரத்துப் பாதையிலும் வரிசையாக உட்கார்ந்திருந்த குஷ்டரோகிகளின் கைகள் நினைவுக்கு வந்தன.

நினைவுக்கு வந்ததை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மாலையில் டீக்கடையில் நாலு பேர் நடுவில், "எனக்குத் தெரியாதா? காசியில ஆயிரம் பேரைப் பாத்தவன் நான். அது பெரிய வியாதிதான்" என்று சொன்னேன். பொறாமையால் இல்லை, பகையால் இல்லை. நாலு ஊர் பார்த்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. அவ்வளவுதான்.

மூன்றே நாளில் டீக்கடைக்காரன் பாய்க்குக் கொட்டாங்கச்சியில் டீ ஊற்றினான். முதலாளி, "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க பாய்" என்றார். பத்து நாளுக்குள் பேச்சு துறையூர் வரை போய்விட்டது. அங்கே சந்தைக்குப் பக்கத்தில் வெற்றிலைக்கடை வைத்திருந்த பாயின் மாமனார் பஸ் ஏறி வந்து, மகளையும் எட்டு மாதப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அன்று தெருவில் இருந்தேன். பாய் எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கையைக் கைலி மடிப்புக்குள் ஒளித்துவைத்திருந்தார். குழந்தை அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. அவர் ஓரடி பின்னால் போனார்.

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முன்பு ஒரு முறை ஸ்ரீரங்கத்தில் சத்திரத்துச் சோற்றில் காலம் தள்ளியபோது, காலில் ஆணி ஏறிப் புண்ணாகி, உத்தர வீதியில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். முதல் யுத்தத்தில் மெசபடோமியா போய் வந்தவர். நெற்றியில் திருமண், பேச்சில் பட்டாளத்து அதட்டல். குண்டு பட்ட சிப்பாய்களின் கை கால்களைப் பார்த்துப் பார்த்து நரம்பு என்றால் அவருக்கு ஒரு பைத்தியம் என்று வீதியில் சொல்வார்கள். அவரிடம் போகலாம் என்று பாயை வற்புறுத்தினேன். ஜட்காவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று பாய் வண்டி ஏற மறுத்தார். பாலக்கரையிலிருந்து காவேரிப் பாலம் தாண்டி நடந்தே போனோம்.

டாக்டர் வீட்டு வாசலோடு பாய் நின்றுவிட்டார். "கிட்ட வராதீங்க சாமி, எனக்கு..."

"உமக்கு என்னன்னு நான்னா சொல்லணும்? நீரே சொல்லிட்டா நான் எதுக்கு? உள்ள வாரும், உட்காரும்."

சட்டையைக் கழற்றச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் முதுகு, காது மடல், பாதம் எல்லாவற்றையும் பார்த்தார். எங்காவது வெளுத்த திட்டு இருக்கிறதா என்று தேடினார். இல்லை. பிறகு பாயின் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மாதமாக அந்தக் கையை யாரும் தொட்டிருக்கவில்லை. டாக்டர் முழங்கை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை விட்டு உருட்டினார்.

"பெரிய வியாதின்னா இங்க ஓடற நரம்பு கயிறாட்டம் தடிச்சிருக்கும். உமக்குத் தடிக்கலை." ஒரு இடத்தில் அழுத்தினார். பாய் "யா அல்லா!" என்று துள்ளினார். "பேஷ், பேஷ். சுண்டுவிரலுக்கு ஓடித்தோ?" என்று டாக்டர் உற்சாகமாகிவிட்டார்.

கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குண்டூசியால் மெல்லத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். வலிக்கிறது, இல்லை, வலிக்கிறது, இல்லை. ஈரப்பஞ்சில் பென்சிலைத் தொட்டு அந்தக் கோட்டைப் போட்டது அப்போதுதான். பிறகு ஒரு கார்டை எடுத்துப் பாயின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலக்கையில் வரவில்லை. இடக்கையில் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வந்துவிட்டது.

"முக்கொம்புல காவேரி பிரியறதோன்னோ?" என்று ஆரம்பித்தார். முதுகெலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது; அதிலிருந்து எலும்பு இடுக்குகள் வழியாக இரண்டு பக்கமும் முப்பத்தொரு ஜோடி நரம்புகள் வெளியே வருகின்றன; கழுத்தடியில் வருகிற ஐந்து, தோளுக்குக் கீழே ஒன்றோடொன்று கலந்து, பின்னி, மறுபடி பிரிந்து, வேறு பெயர்களோடு கைக்குள் இறங்குகின்றன. கட்டைவிரல் பக்கத்துக்கு ஒன்று, கையின் பின்புறத்துக்கு ஒன்று, சுண்டுவிரல் பக்கத்துக்கு ஒன்று. சுண்டுவிரலுக்குப் போகிற வாய்க்கால் மோதிர விரலில் பாதிக்குத்தான் பாயும். மீதிப் பாதி பக்கத்து வாய்க்காலின் பாசனம். "எந்த வயல் காஞ்சிருக்குன்னு பார்த்தா எந்த மடை அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுடும். கழுத்துலயே அடைப்புன்னா முன்கை உள்பக்கமும் மரத்திருக்கணும். உமக்கு மணிக்கட்டோட நின்னுடுத்து. அப்போ அடைப்பு கீழே. நீர் என்ன தொழில் பண்றீர்? பண்ணிக் காட்டும்."

பாய் தரையில் உட்கார்ந்தார். டாக்டர் மருந்துப் பெட்டியை எதிரில் நகர்த்தினார். பாயின் இடது முழங்கை, யாரும் சொல்லாமலே, பெட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. நான் பலகைக் குழியைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பாயின் முழங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்தார். "அந்த நரம்புக்கு அந்த இடத்துல மேல சதை கிடையாது, எலும்புதான் கீழே. எத்தனை வருஷமா அதை விளிம்புல வெச்சு நசுக்கிண்டிருக்கீர்?"

"பதினேழு வருசம் சாமி."

"கல்லோட சேர்த்து நரம்பையும்னா தீட்டிட்டீர்."

பாய் அதற்குச் சிரிக்கவில்லை. குணமாகுமா, வேலை செய்யலாமா என்றும் கேட்கவில்லை. "பிள்ளையைத் தூக்கலாமா?" என்று கேட்டார்.

"தூக்கும். ரெண்டு கையாலயும் தூக்கும். இது யாருக்கும் ஒட்டாது." முழங்கையை எதிலும் ஊன்றக் கூடாது, படுக்கும்போது கை மடங்காமல் துணி சுற்றிக்கொள்ள வேண்டும், உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டு, இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு துறையூருக்கு என்னைத்தான் பாய் அனுப்பினார். அண்ணன் தம்பிகள் இருக்கிறார்களே என்றேன். "நீயே போயிட்டு வா" என்றார்.

மாமனார் சீட்டைக் கையால் தொடாமல் கல்லாப்பெட்டிமேல் வைக்கச் சொன்னார். "இங்கிலீஸ்ல எழுதிட்டா நோவு மாறிடுமாப்பா?" என்றார். டாக்டர் சொன்னதை நான் சொல்லச் சொல்ல அவர் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வாய்க்கால், பாசனம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில், "முழங்கையை இந்தப் பெட்டி முனையில லேசா இடிச்சுப் பாருங்க. உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"ஏய், என் கடையில வந்து என்னையே இடிச்சுக்கச் சொல்றியா?"

நானே இடித்துக் காட்டினேன். அவசரத்தில் பலமாக இடித்துவிட்டது. கையை உதறிக்கொண்டு குதித்தேன். வெற்றிலை வாங்க நின்ற குடியானவர் ஒருவர், "அட, இது எனக்கும் ஏர்க்கால்ல பட்டிருக்கே. சுரீர்னு சுண்டுவிரலுக்குப் போவும்" என்று சொல்லித் தானும் தட்டிப் பார்த்தார். அவரோடு வந்தவர் தட்டினார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்து, "என்னய்யா, ஊரே முழங்கையைத் தட்டிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டுவிட்டு அவரும் தட்டினார். மாமனார் மட்டும் அசையவில்லை.

அப்போது கடைக்குப் பின்னால், வீட்டு வாசல் திரைக்கு உள்ளிருந்து பாயின் மனைவியின் குரல் வந்தது. "அத்தா, நானும் இடிச்சுப் பாத்தேன். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரல்ல பாதிக்குந்தான் போவுது. நடுவிரலுக்கு வரல. அவங்களுக்கு மரத்துப்போனதும் அதேதான். நிக்காஹ் ஆன வருசத்துலேருந்தே அந்தக் கை மரமரங்குதுன்னு சொல்லிட்டிருந்தாங்க. நான் போறேன் அத்தா."

மாமனார் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். பிறகு என் கண்முன்னாலேயே, யாரையும் பார்க்காமல், முழங்கையைப் பெட்டி முனையில் ஒரு தட்டுத் தட்டினார். முகம் கோணியது. "காலைல முத பஸ்ஸுக்குக் கெளம்பு. நானும் வரேன், அந்த டாக்டரை நான் பாக்கணும்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் ஸ்ரீரங்கம் போய்ப் பார்த்து, கேட்டு, மகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

அன்று மாலையே பாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். டீக்கடையில் முதலில் வாய் திறந்தவன் நான்தான் என்றேன்.

"தெரியும்" என்றார். "பின்ன எதுக்கு உன்னை அனுப்பினேன்? பேச்சு உன் வாயிலேருந்து கெளம்புச்சுன்னு மாமனாருக்கும் தெரியும். பரப்புனவனே வந்து இல்லேன்னு சொன்னாதான் எடுபடும். எந்தம்பி போயிருந்தா, அண்ணனுக்காகப் பொய் சொல்றான்னுதான் நினைப்பாங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது தில்லை நகரில் நரம்புக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள். மெஷினில் கம்பியை மாட்டி, எந்த இடத்தில் அடைப்பு என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். நான் சொல்கிற காலத்தில் அந்த இடம் வயல். அன்று இருந்தது ஒரு குண்டூசியும் ஒரு பென்சிலும்தான். அதற்கு முன்னால் அந்தக் கையைத் தொட ஒருவர் வேண்டியிருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன், ஆனால் தொடவில்லை. பார்த்ததை வைத்தே ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

பாய் பட்டறைக்குத் திரும்பினார். தீட்டுவதை விட்டுவிட்டுக் கல் பொறுக்கும் இடத்தில் என்னோடு உட்கார்ந்தார். பலகைக் குழியை அவரே மரத்தூளும் அரக்கும் வைத்து அடைத்தார். வீட்டில் குழந்தை அவர் மடியைவிட்டு இறங்காது. அவருடைய இடது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கப் பழகியது. பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது. அடிக்கடி குனிந்து, பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

மறு வருஷம் மழை முடிந்த சமயம், எனக்கு வழக்கம்போல் கால் பரபரத்தது. கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். பாய் வாசற்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டுக்காரரோடு ஏதோ வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் குழந்தை அவருடைய இடது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேச்சு நடுவில் நின்றுபோனது. பாயின் வாய் திறந்தபடியே இருந்தது.

"பிள்ளை கிள்றா" என்றார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.