கருவாட்டுப் பீட்சா எந்த ஊர்ப் பழக்கம்?

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம். கீழக்கரையில் ஒரு வீட்டுக் கூடத்தில், பாயில் உட்கார்ந்து நான் முழித்த முழி இன்னும் மறக்கவில்லை.

எங்களுக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். மிளகாய் விவசாயம். மகளுக்குக் கீழக்கரையில் கல்லூரி கிடைத்தது, விடுதியில் இடம் கிடைக்கவில்லை. தினமும் பஸ்ஸில் போய்வருவதும் நடக்காத காரியம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு முஸ்லிம் அக்கா தன் வீட்டு மாடி அறையைத் தரச் சம்மதித்தார். சாப்பாடும் அவர் கையால்தான். கணவர் துபாயில் வேலை பார்ப்பதால் வீட்டில் அவர் மட்டும்தான். ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லியிருந்தார். இந்த இடமும் சரிப்படவில்லை என்றால் மகளின் படிப்பு அவ்வளவுதான். அந்தச் சாப்பாடு இவளுக்கு ஒத்துக்கொள்ளுமா, எங்களை அவருக்குப் பிடிக்குமா என்று வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை.

போனதும், பெரிய தட்டு ஒன்றைப் பாயின் நடுவில் வைத்தார். அதைச் சஹன் என்றார். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடுவார்களாம். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. குழப்பமே தட்டில் இருந்த பீட்சாவில்தான்.

பரமக்குடி பேக்கரியில் ஒருமுறை பீட்சா சாப்பிட்டிருக்கிறேன். அதில் குடைமிளகாயும் சோளமும் இருந்தன. இதிலோ வறுத்த நெத்திலிக் கருவாடு. அதன்மேல் கிள்ளிப் போட்ட குண்டு மிளகாய். அதற்கும் மேலே கருப்பட்டிப் பாகு! தொட்டுக்கொள்ள, கிண்ணத்தில் வெள்ளையாகப் பூண்டுச் சாஸ் வேறு.

"பிஸ்மில்லா. சாப்பிடுங்க தங்கச்சி."

கடித்தேன். உப்பா, இனிப்பா, உறைப்பா என்று நாக்குக்கே தெரியவில்லை. கடலோரத்தில் இப்படித்தான் தின்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவர் முகம் வாடிவிடும். அதனால் என் முன்னால் இருந்ததை எப்படியோ முடித்தேன். உடனே அக்கா இன்னொரு துண்டை என் பக்கம் தள்ளினார். அதையும் முடித்தேன். இன்னொன்று வந்தது. விருந்தாளி பக்கம் தட்டு காலியாகவே கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சோதித்துப் பார்க்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. அவரும் எனக்குச் சமமாக மூன்றாவது துண்டில் இருந்தார். மகளைப் பார்த்தால், அவள் ஒரே துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு நல்ல வார்த்தை சொன்னால் இடம் உறுதியாகும் என்று வாயைத் திறந்தேன்.

"உங்க ஊரு பீட்சா ரொம்ப நல்லாருக்குக்கா."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"எங்க ஊரு பீட்சாவா? ஒங்க பக்கம்தான இப்பிடித் திம்பாக?"

"எங்க பக்கமா?"

"ஒங்க மகதான போன்ல சொன்னுச்சு. தனக்குப் பீட்சா, அம்மாவுக்குக் கருவாடு, மிளகா, கருப்பட்டின்னா உசுருன்னு. அதான் ரெண்டையும் சேத்துத் திம்பாகன்னு நெனச்சேன்."

"அது கஞ்சிக்கு அம்மா தொட்டுக்கிறதுங்க பெரியம்மா," என்றாள் மகள், தலையைக் குனிந்துகொண்டு. "கருப்பட்டி காப்பிக்கு."

யாருக்காக யார் சாப்பிட்டோம் என்று கணக்குப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப நீங்க ஏன்க்கா மூணு துண்டு சாப்பிட்டீங்க?"

"நீங்க போட்ட போடு அப்பிடி. விருந்தாளி அள்ளி அள்ளித் திங்கயில நான் மூஞ்சிய சுளிச்சா நல்லாவா இருக்கும்? வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. பிறகு அடுப்படியிலிருந்து இடியாப்பமும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும் எடுத்து வந்தார். எங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ என்று ஒதுக்கி வைத்திருந்தாராம். அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அறையை நான் மேலே போய்ப் பார்க்கவுமில்லை. முன்பின் தெரியாத எங்களுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்து, தன் வாய்க்குப் பழகாததைச் செய்து, அதைத் தானும் தின்ற மனுஷி. மகளை அங்கே விட்டுவர அது போதாதா? இன்றும் யார் வீட்டிலாவது சாப்பாடு விநோதமாக இருந்தால், இது எந்த ஊர்ப் பழக்கம் என்று நான் யோசிப்பதில்லை. யாருக்காகச் செய்தது என்றுதான் கேட்கிறேன்.