துன்ஹிந்தத் தண்ணீரின் ருசி

தண்ணீர் என்றால் சீதேவிக்கு ஆகாது. வாளியில் அடங்குகிற அளவுக்குத்தான் சம்மதம். அதற்காக அவளை யார் குறை சொல்ல முடியும்? சுனாமி அன்று மாங்கேணியில் அவளுடைய ஏழு வயது மகள் கஜானியைக் கடல் கொண்டுபோனது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"இந்தக் கரையில இனி இருக்கமாட்டன்" என்று பிடித்த பிடியில் நின்றாள். வாவியில் வலை வீசிப் பிழைத்த புருஷன் நல்லரத்தினம் வலையைச் சுருட்டி வைத்தான். கடல் காதுக்கும் எட்டாத கரடியனாற்றுக்கு அவளைக் கூட்டிவந்தான். அடுத்தவர் வயல்வட்டையில் வரம்பு வெட்டிக் கை கொப்பளித்தான். போர் மூண்டபோது சண்டைக்குப் பயந்து இருவரும் ஓடினார்கள், திரும்பி வந்தார்கள். அவள் அழுத அழுகைக்குக் கணக்கில்லை. அவன் அழுததை ஒருவரும் பார்க்கவில்லை. கல்நெஞ்சன் என்று அவளே சில நாள் திட்டியிருக்கிறாள்.

சண்டை முடிந்து பதுளை றோட்டில் பயமில்லாமல் வாகனம் ஓடத் தொடங்கியதும், ஊரே வான் பிடித்து துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பார்க்கக் கிளம்பியது. தனக்கென்று எதையும் கேட்காத நல்லரத்தினம் அன்றைக்குக் கேட்டான்.

"ஒருக்காப் போய்ப் பாப்பமா புள்ள?"

அந்த முகத்துக்கு எப்படி மாட்டேன் என்பது?

மலையைச் சுற்றிப் போகிற ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் நன்றாகத்தான் நடந்தாள். குரங்குகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். ஒரு வளைவு திரும்பியதும் இரைச்சல் கேட்டது. அவ்வளவுதான், கால் நகரவில்லை. அப்படியே ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"அதே சத்தம்தான். கடல் வருது. நீங்களும் போகாதீங்க!"

மலையுச்சிக்குக் கடல் வருமா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன தெரியும்?

நல்லரத்தினம் சிரிக்கவில்லை. வெறும் போத்தலோடு பள்ளத்தில் இறங்கினான். அவள் வேரை விடாமல் பாதையையே பார்த்திருந்தாள். மூச்சு வாங்க ஏறிவந்து, போத்தலை நீட்டினான்.

"நாக்கில வச்சுப் பாரு."

வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் உடைத்துக் கடல் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, வலை இறக்குமுன் வாவித் தண்ணீரை நாக்கில் வைப்பது மீன்பிடிகாரர் வழக்கம். தோணியில் கூடப் போன நாட்களில் சீதேவியும் வைத்திருக்கிறாள். இப்போதும் விரலை நனைத்து வைத்தாள். இன்னொரு முறையும் வைத்தாள்.

"உப்பில்ல" என்றாள்.

"ஓம். இது கடல் இல்ல."

அவன் கையைப் பிடித்து இறங்கினாள். கீழே சாரல் முகத்தில் அடித்தது. ஓடைக்கரைப் பாறையில் அவளை இருத்திவிட்டு, அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அருவியைப் பார்த்து நின்றான். முதுகுதான் தெரிந்தது.

அந்த முதுகு குலுங்கிற்று.

அவன் பக்கவாட்டில் திரும்பியபோதுதான் கண்டாள், வாய் திறந்து கத்திக் கத்தி அழுதுகொண்டிருந்தான். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது என்றுதான் இந்த மனிதன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்! அவள் முன்னால் அழுதால் அவள் உடைந்துபோவாள் என்று இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்திருக்கிறான்.

சீதேவி எழுந்து தண்ணீருக்குள் இறங்கினாள். குளிர் முழங்காலுக்கு ஏறியது. பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு, அவன் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்:

"எனக்குக் கேக்கிறமாதிரி அழுங்க."