எறும்புக்கடி

மருந்துக் குப்பியை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டே திட்டுகிறார் ஹஃப்சா. மரத்துப்போகச் செய்யும் மருந்து ஃப்ரிட்ஜிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. கைச்சூடு ஏறாமல் அதை ஊசியில் ஏற்ற மாட்டார். கடிகாரத்தைப் பார்க்கிறவருக்கு வசவு நிச்சயம். "இன்னா அவ்சரம்? நீ போவலன்னா அத்திப்பட்டு பவர் ஹவுஸ்ல கரண்டு நின்னுடுமா?"

திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கம், சைக்கிள் கடை மாடியில் அவருடைய பல் கிளினிக். செல்போனில் இன்கமிங் இலவசமானதிலிருந்து, திறந்த வாயோடே 'ஹலோ' சொல்கிறவர்களையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது.

'எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்' என்ற பேச்சு மட்டும் அவர் காதில் விழக்கூடாது. விழுந்தால் தீர்ந்தது. "பொய்யி! ஊசின்னா வலிக்கும். வலியைக் கொறைக்கறதுதான் என் கையில கீது." முதலில் ஈறில் களிம்பு தடவிவிட்டு, மரக்கட்டும் என்று காத்திருப்பார். பிறகு கன்னத்தை இழுத்து ஆட்டிக்கொண்டே மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார். 'உழைக்கிற ஜனம், தாங்கிக்கும்' என்று ஒரே அழுத்தாக அழுத்துகிற டாக்டர்களை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் விற்கும் சிவந்தி வந்தாள். தாடை வீங்கிக் கிடந்தது. இலவச முகாம் ஒன்றில் ஊசி குத்தியதும் தட்டை உதைத்துவிட்டு ஓடி வந்தவள். புருஷன் அப்பாவு அவள் தோளை நாற்காலியோடு அமுக்கினான்.

"எறும்பு கட்ச்சா மாரிதாம்மே, சும்மா கெட."

ஹஃப்சா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கைய எடுய்யா! இன்னா, ஆடா அறுக்கப் போறோம், அமுக்கிப் புடிக்க? வெளிய போ!"

அவன் போனதும் அவளிடம் திரும்பினார். "இன்னிக்கு இந்தப் பல்ல எடுக்கலன்னா சீழு கழுத்துக்கு எறங்கிடும், மூச்சே அடைக்கும். ரெண்டு ஊசி. ரெண்டும் கொஞ்சம் வலிக்கும்."

"அங்க வலிக்காதுன்னு சொல்லிட்டுத்தான் குத்துனான்" என்றாள் சிவந்தி, கண் சிவக்க. "கத்துனா என்னியவே திட்றான், டாக்டரம்மா."

"இங்க கத்து. நானு நிறுத்திடுறேன்."

ஊசி உள்ளே போனது. மருந்து இறங்கும்போது சிவந்தி தொண்டைக்குள்ளேயே கத்தினாள். ஹஃப்சாவின் கட்டைவிரல் அங்கேயே நின்றது. சிவந்தி நம்பாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். நின்றுதான் இருந்தது. மெல்லத் தலையசைத்தாள். மீதி மருந்து மெதுவாக இறங்கியது.

உதடு மரத்தது. கன்னத்துப் பக்கம் போட வேண்டிய இரண்டாவது ஊசியை எடுத்துக்கொண்டு ஹஃப்சா திரும்பும்போது, நாற்காலியை ஒட்டி ஒருக்களித்திருந்த கதவுக்கு வெளியிலிருந்து அப்பாவு கேட்டான்: "முட்ஞ்சுதா? ஓடிடப் போறா, நானு வந்து புட்சிக்கவா?"

ஹஃப்சா வாயெடுப்பதற்குள் சிவந்தி முந்திக்கொண்டாள். காலை நீட்டிக் கதவை அறைந்து சாத்தினாள். ஊசி பிடித்த ஹஃப்சாவின் கையை மணிக்கட்டோடு பற்றி, வாயை அகலத் திறந்து, தன் கன்னத்தருகே தானே இழுத்து வைத்துக்கொண்டாள்.